லைட் இன்ஃபன்ட்ரி, ரைஃபிள்ஸ்: நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் தூசிப்படையின் பின்னணி

ஆண்டுதோறும் ஜனவரி 26 அன்று தில்லியில் நடக்கும் அணிவகுப்பைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மெட்ராஸ் ரெஜிமென்ட், மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி, ராஜ்புதானா ரைஃபிள்ஸ் ஆகிய மூன்றும் காலாட்படைகள்தாம். மூன்றும் இன்று ஒரே வகை ஆயுதங்களை ஏந்துகின்றன, ஒரே வகைப் பணிகளைச் செய்கின்றன. அப்படியிருக்க, பெயர்கள் ஏன் மூன்று விதமாக அமைந்தன? சில படைகள் மட்டும் ஏன் மற்றவற்றைவிட வேகமாக நடை போடுகின்றன? ‘லைட்’ என்பது எடையைக் குறிக்கிறதா, சுமையைக் குறிக்கிறதா, வேறு எதையேனும் குறிக்கிறதா?

விடை 1797 முதல் 1815 வரையான பிரிட்டிஷ் படை வரலாற்றில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் மூண்ட போர்களில் தோற்றுத் தோற்றுப் பாடம் கற்ற ஒரு படை, தன் சிப்பாய்களில் ஒரு பகுதியினரைத் தானே சிந்தித்துப் போரிடும் மனிதர்களாக மாற்ற முயன்றது. அந்த முயற்சியின் அடையாளங்களே இந்தப் பெயர்களும் நடைவேகமும்.

முதலில், வரிசைப்படை எப்படிப் போரிட்டது?

18ஆம் நூற்றாண்டின் காலாட்படை வீரன் கையில் இருந்தது மஸ்கட் என்ற துப்பாக்கி. அதன் குழலின் உட்புறம் வழுவழுப்பானது. வேகமாகக் குண்டு திணிக்க வேண்டும் என்பதற்காக ஈயக் குண்டு குழலின் வாயைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்க்கப்பட்டது. அதனால் வெடிக்கும்போது அந்தக் குண்டு குழலுக்குள் தட்டித் தடவி, எந்தப் பக்கம் சாய்ந்து வெளியேறும் என்று யாராலும் சொல்ல முடியாதபடி பறந்தது. 100 கெஜத்துக்கு அப்பால் தனி மனிதன் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்தக் குறையை ஈடுகட்டவே வீரர்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் குறி தவறினாலும், நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சுடும்போது எதிரில் நிற்கும் கூட்டத்தில் பலர் விழுவர். நன்கு பழகிய வீரர் நிமிடத்துக்கு 3 முறை சுடுவார். அந்த வேகத்தைப் புகைக்கும் சாவுக்கும் நடுவில் குலையாமல் காப்பதே பயிற்சியின் முழு நோக்கமாக இருந்தது. சர் டேவிட் டன்டாஸ் வகுத்து 1792இல் படை முழுமைக்கும் நடைமுறையான விதிநூல், பட்டாலியன் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு) அணி மாறுவதற்கான 18 அசைவுகளை அடி பிசகாமல் விளக்கியது. விரைந்து நகர்ந்து சிதறிப் போரிடும் இலகு காலாட்படைக்கு, அதாவது லைட் இன்ஃபன்ட்ரிக்கு, அதில் கிடைத்த இடம் சில பக்கங்களே.

இவ்வாறு நிற்கும் வரிசைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வேலி, காடு, பாறை, திராட்சைத் தோட்டம் ஆகியவற்றில் மறைந்து தனித்தனியே சுடும் எதிரியை அதனால் எதுவும் செய்ய முடியாது. 1793 முதல் 1795 வரை ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) களத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படையின் சிதறல் வீரர்கள் இதைத்தான் செய்து காட்டினார்கள். பிரிட்டிஷ் வரிசை ஒழுங்காக நின்றது, ஒழுங்காகச் சுட்டது, ஆனால் சுடுவதற்கு எதிரே திரண்ட இலக்கு ஏதும் இருக்கவில்லை.

தூசிப்படையின் வேலை

‘தூசி’ என்ற சொல் இன்று புழுதியைக் குறித்தாலும், பழந்தமிழில் அது படையின் முன்னணியையும் குறித்தது. இலகு காலாட்படையின் வேலைக்கு அந்தப் பழைய சொல் நன்றாகப் பொருந்துவதால் இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன். அந்த வேலையைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. போருக்கு முன், படை தங்கியிருக்கும் இடத்துக்குப் பல மைல் முன்னால் காவல் நின்று, எதிரியின் நடமாட்டத்தை அறிந்து சொல்வதோடு, தம் படையின் இருப்பை எதிரி அறியாமல் மறைப்பது.

2. போர் தொடங்கும்போது, முதன்மை வரிசைக்கு முன்னே சிதறி நின்று எதிரியின் தூசிப்படையைத் தடுப்பது. இது தோற்றால், எதிரியின் தனிவீரர்கள் வரிசைக்கு அருகில் வந்து அதிகாரிகளையும் பீரங்கிக்காரர்களையும் ஒவ்வொருவராக வீழ்த்திவிடுவார்கள்.

3. எதிரியின் பெருந்திரள் முன்னேறும்போது பின்வாங்கிக்கொண்டே சுட்டு, அதன் ஒழுங்கைக் குலைத்து, உரிய நேரத்தில் விலகி, தம் வரிசைக்குச் சுட வழிவிடுவது.

4. படை பின்வாங்கும்போது கடைசியாக நகர்ந்து, துரத்துபவரைத் தாமதப்படுத்துவது.

இவற்றில் மூன்றாவதுதான் மிகக் கடினமானது. முன்னே செல்லும் துணிவு பலரிடம் இருக்கும். எந்தக் கணத்தில் விலக வேண்டும் என்று தானே முடிவு செய்யும் தெளிவைப் பயிற்சியால்தான் உண்டாக்க முடியும்.

வேட்டைக்காரர் இல்லாத நாடு

ஜெர்மானிய நாடுகளில் இத்தகைய வீரர்களை ‘யேகர்’ என்றும், பிரான்சில் ‘ஷாசர்’ என்றும், போர்ச்சுக்கலில் ‘கசடோர்’ என்றும் அழைத்தார்கள். மூன்று சொற்களுக்கும் ஒரே பொருள்: வேட்டைக்காரன். காட்டில் பதுங்கவும், குறி தவறாமல் சுடவும், தனியாக இருந்தும் பதறாமல் காத்திருக்கவும் அறிந்தவனைப் படைக்கு எடுப்பது என்ற எண்ணத்திலிருந்து பிறந்த பெயர்கள் அவை.

இங்கிலாந்தில் இந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் முயல், கௌதாரி போன்றவற்றைச் சுடும் உரிமையை நிலவுடைமை உள்ளவர்களுக்கு மட்டுமே தந்தது. 1831 வரை அந்த நிலை நீடித்தது. நிலமற்ற கூலிகளிலிருந்தும் நெசவாளர்களிலிருந்தும் திரட்டப்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர், படையில் சேரும் வரை துப்பாக்கியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆகவே பிரிட்டன் முதலில் அயலாரையே கூலிக்கு அமர்த்தியது. 1797இன் இறுதியில் நாடாளுமன்ற அனுமதியுடன் உருவான 60ஆவது ரெஜிமென்டின் 5ஆவது பட்டாலியன், ஹோம்பெஷ் என்பவரின் கூலிப்படையிலிருந்த ஜெர்மானியர்களை மையமாகக் கொண்டிருந்தது. பச்சைச் சட்டையும் ரைஃபிளும் (குழலின் உட்புறம் சுருள் பள்ளங்கள் வெட்டிய துப்பாக்கி) அதன் அடையாளங்கள். அதன் தலைவர் பரோன் பிரான்சிஸ் டி ராட்டன்பர்க் எழுதிய பயிற்சிக் கையேடு 1798இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் வந்த அனைவருக்கும் அடிப்படையானது.

பிரிட்டிஷ் படைக்குள் இலகு வீரர்களே இருந்ததில்லை என்று இதற்குப் பொருளல்ல. வட அமெரிக்கக் காடுகளில் போரிட்ட காலத்தில், 1758 வாக்கில் தாமஸ் கேஜ் ஒரு முழு இலகு ரெஜிமென்டை அமைத்தார். போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது. 1770களின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டாலியனிலும் இருந்த 10 கம்பெனிகளில் ஒன்று ‘லைட் கம்பெனி’ என்று மீண்டும் வகுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கம்பெனியை அதன் பட்டாலியனிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் பிரிவை முற்றாக முறியடித்தபோது, அங்கே சிக்கியவற்றுள் 73ஆவது ஹைலாண்ட் ரெஜிமென்டிலிருந்து அவ்வாறு பிரித்து அனுப்பப்பட்ட கிரனேடியர் (தேர்ந்தெடுத்த வலிய வீரர்கள்), லைட் கம்பெனிகளும் இருந்தன. 1786இல் 71 என்ற எண்ணைப் பெற்ற அதே ரெஜிமென்ட் 1809இல் முழுமையாக இலகு காலாட்படையாக்கப்பட்டது.

சிறந்த ஆட்களைப் பிரித்தெடுத்துத் தொலைத்துவிட்டு, பிறகு புதிதாகத் தேடுவதே ஐம்பது ஆண்டு வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு போரிலும் கற்றதை ஒவ்வொரு சமாதானத்திலும் மறந்த இந்தப் போக்குதான் 1793இன் தோல்விகளுக்கு மூலகாரணம் என்று நான் கருதுகிறேன். ஆயுதக் குறையை அதற்கு அடுத்தபடியாகவே சொல்ல வேண்டும்.

குழப்பம் எங்கே? மூன்று வகையினர்

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் படையைப் பற்றி வாசிப்பவர்கள் பெரும்பாலும் பச்சைச் சட்டைக்காரர்களை மட்டுமே இலகு காலாட்படை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்று வகையினர் இருந்தனர்.

1. லைட் கம்பெனிகள்: சாதாரண வரிசைப் பட்டாலியன் ஒவ்வொன்றிலும் இடக்கோடியில் நின்ற ஒரு கம்பெனி. சிவப்புச் சட்டை, மஸ்கட்.

2. லைட் இன்ஃபன்ட்ரி ரெஜிமென்டுகள்: 10 கம்பெனிகளும் தூசிப்படைப் பயிற்சி பெற்றவை. 1803இல் 52ஆவது ரெஜிமென்டும் 43ஆவது ரெஜிமென்டும் முதலில் மாற்றப்பட்டன. 1808இல் 68, 85 ஆகியனவும், 1809இல் 51, 71 ஆகியனவும் சேர்ந்தன. இவர்களும் சிவப்புச் சட்டைக்காரர்களே. இவர்கள் ஏந்தியதும் மஸ்கட்தான். பறைக்குப் பதிலாக ஊதுகொம்பால் ஆணைகள் பெற்றார்கள். அந்தக் கொம்பே இவர்களின் சின்னமாகவும் ஆயிற்று.

3. ரைஃபிள் படைகள்: 60ஆவது ரெஜிமென்டின் 5ஆவது பட்டாலியன், 95ஆவது ரெஜிமென்ட், மன்னரின் ஜெர்மன் படையணியின் (பிரிட்டிஷ் மன்னருக்காகப் போரிட்ட ஜெர்மானியர்) இலகு பட்டாலியன்களில் ஒரு பகுதி. கரும்பச்சைச் சட்டை, ரைஃபிள். 95ஆவது ரெஜிமென்டுக்குப் படைக்கொடியே கிடையாது. சிதறி நின்று போரிடுபவர்களுக்குத் திரள்வதற்கான கொடி தேவையில்லை.

இரண்டாம் வகையினர் தேவைப்பட்டபோது வழக்கமான வரிசையாகவும் நின்று சுட்டார்கள், சிதறியும் போரிட்டார்கள். இந்த இரட்டைத் திறனே அவர்களின் சிறப்பு. மூன்றாம் வகையினரின் வலிமை தொலைவில் குறிபார்ப்பதில் இருந்தது.

பேக்கர் ரைஃபிள்: எது கூடியது, எது குறைந்தது

1800ஆம் ஆண்டு ஊல்விச்சில் நடந்த சோதனைகளில் எசக்கியேல் பேக்கர் என்ற துப்பாக்கித் தொழிலர் செய்த ரைஃபிள் தேர்வானது. 30 அங்குலக் குழலின் உட்புறத்தில் 7 பள்ளங்கள் சுருளாக வெட்டப்பட்டிருந்தன. குழலின் முழு நீளத்தில் அவை கால் சுற்று மட்டுமே சுற்றின. எண்ணெய் தடவிய துணி அல்லது தோல் துண்டில் பொதிந்த குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு, பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றியபடி வெளியேறும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் பாதையில் நிலைத்துச் செல்லும். 200 கெஜம் வரை நம்பிக்கையுடன் குறிபார்க்க முடிந்தது இதனால்தான்.

இதற்கு விலையும் உண்டு. இறுக்கமாகப் பொருந்தும் குண்டை உள்ளே தள்ளுவதற்கு நேரமும் வலுவும் தேவை. தொடக்கத்தில் வீரர்களுக்குச் சிறு மரச்சுத்தியல்கூடத் தரப்பட்டது. மஸ்கட் நிமிடத்துக்கு 3 முறை சுடும் இடத்தில் ரைஃபிள் ஒரு முறையோ இரு முறையோதான் சுடும். துப்பாக்கி குட்டையானது என்பதால், குதிரைப்படை பாய்ந்து வந்தால் எட்டிக் குத்துவதற்கு நீளம் போதாது. அதனால் சாதாரண முனைக்கத்திக்குப் பதில் சுமார் 2 அடி நீளமுள்ள வாளையே குழலில் மாட்டும்படி செய்தார்கள்.

நெப்போலியன் 1807இல் தன் காலாட்படையிலிருந்து ரைஃபிளை விலக்கிவிட்டார். மெதுவாகச் சுடும் ஆயுதம், பயிற்சிக்கு நெடுங்காலம் தேவைப்படும் ஆயுதம் என்பதால், லட்சக்கணக்கில் புதியவர்களைத் திரட்டும் அவருடைய படைக்கு அது ஒத்துவரவில்லை. பிரிட்டனின் படை சிறியது, நீண்டகாலப் பணிக்கு எடுக்கப்பட்டது. அதனால் தேர்ந்தெடுத்த சில பட்டாலியன்களுக்கு ஆண்டுக்கணக்கில் குறிப்பயிற்சி தர முடிந்தது. ஒரே கருவி ஒரு படைக்கு ஏன் பொருந்தி மற்றொன்றுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஷோர்ன்கிளிஃப்: பயிற்சியின் உள்ளடக்கம்

1800 ஜனவரியில் கர்னல் கூட் மானிங்ஹாம், லெப்டினென்ட் கர்னல் வில்லியம் ஸ்டுவர்ட் ஆகியோர் பல ரெஜிமென்டுகளிலிருந்து ஆட்களைப் பெற்று ஒரு சோதனை ரைஃபிள் படையை உருவாக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்துக்கு அருகே அது முதல் போரைக் கண்டது. சில ஆண்டுகளில் 95 என்ற எண் அதற்கு வழங்கப்பட்டது.

1803இல் இந்த 95ஆவது, 52ஆவது, 43ஆவது ரெஜிமென்டுகள் கென்ட் கடற்கரையின் ஷோர்ன்கிளிஃப் முகாமில் சர் ஜான் மூரின் கீழ் ஒன்றுசேர்ந்தன. கடலுக்கு அக்கரையில், பூலோனில், இங்கிலாந்தின் மீது படையெடுக்க நெப்போலியனின் சேனை திரண்டுகொண்டிருந்த நாள்கள் அவை. மூர் கோர்சிகா, செயின்ட் லூசியா, அயர்லாந்து, எகிப்து ஆகிய களங்களைக் கண்டவர். 52ஆவது ரெஜிமென்டை நாள்தோறும் பயிற்றுவித்தவர் கென்னத் மெக்கன்சி. புகழ் மூருக்குச் சென்றாலும், பயிற்சிமுறையின் பெரும்பகுதி மெக்கன்சியின் உழைப்பு என்பதை மறக்கக் கூடாது.

அங்கே நடந்ததை வெறும் உடற்பயிற்சி என்று கருதினால் அதன் சாரம் தவறிவிடும்.

முதலாவதாக, பயிற்சி அதிகாரிகளிடமிருந்து தொடங்கியது. சிப்பாய் கற்கும் ஒவ்வொரு அசைவையும் புதிய அதிகாரி சிப்பாயோடு வரிசையில் நின்று தானும் கற்ற பிறகே ஆணையிடத் தகுதி பெற்றார். பதவியைப் பணம் கொடுத்து வாங்க முடிந்த ஒரு படையில் இது சிறிய மாற்றமல்ல.

இரண்டாவதாக, தண்டனையின் இடத்தைக் குறைத்தார்கள். கசையடிக்குப் பெயர்போன அந்தப் படையில், குற்றம் நேரும் முன் அதைத் தடுப்பதே அதிகாரியின் கடமை என்று மூரும் மானிங்ஹாமும் வலியுறுத்தினார்கள். மானிங்ஹாமின் ரைஃபிள் படை விதிகள் ஆட்களுக்கு எழுத்தறிவுப் பள்ளியையும் நன்னடத்தைப் பதக்கங்களையும் ஏற்படுத்தின. கசையடி முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அச்சத்தைவிட நம்பிக்கை மேல் என்ற எண்ணம் விதியாகவே எழுதப்பட்டது.

மூன்றாவதாக, இரட்டையர் முறை. தூசிப்படையின் அடிப்படை அலகு இருவர். வரிசையில் முன்னும் பின்னும் நின்ற அந்த இருவரும் களத்தில் பிரியாத துணைவர்கள். ஒருவர் சுட்டால், அவர் மீண்டும் குண்டு திணித்து முடித்ததாகச் சொல்லும் வரை மற்றவர் சுடக் கூடாது. இருவரில் ஒருவரது துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருக்கும். இவர்களுக்குப் பின்னே பாதிக் கம்பெனி திரண்டு நின்று தாங்கும், அதற்கும் பின்னே முதன்மைப் படை நிற்கும். சிதறி நிற்பவர்கள் அநாதைகளல்லர் என்ற உறுதியை இந்த அடுக்குமுறை தந்தது.

நான்காவதாக, நிலத்தைப் படிக்கும் கல்வி. மரத்தின் எந்தப் பக்கத்திலிருந்து சுடுவது, மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே எப்படிப் படுப்பது, ஊதுகொம்பின் எந்த இசைக்கு எப்படி நகர்வது ஆகியவை பாடங்கள். நடைவேகமும் இங்கே கூடியது. இன்றைய லைட் இன்ஃபன்ட்ரி, ரைஃபிள் அணிகளின் விரைவுநடை இந்த மரபின் வழிவந்தது.

அகெடா ஆறும் புசாக்கோ மேடும்

1808 ஆகஸ்டில், பிரெஞ்சுப் படை பிடித்திருந்த போர்ச்சுக்கலில் பிரிட்டிஷ் படை இறங்கியது. அவ்வாண்டின் இறுதியில் மூர் ஸ்பெயினுக்குள் முன்னேறி, நெப்போலியனே நேரில் துரத்தியதால் பனியில் கொருண்ணா துறைமுகம் வரை பின்வாங்கி, 1809 ஜனவரி 16 அன்று அங்கே போரில் மாண்டார். அவருடைய மாணவர்களான மூன்று ரெஜிமென்டுகளும் ராபர்ட் கிராஃபர்டின் கைக்கு வந்தன. இவர் தென்னிந்தியாவில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்கேற்றவர், ஜெர்மன் மொழி அறிந்தவர், கடுஞ்சினமும் கடுங்கண்டிப்பும் உள்ளவர். 1810 பிப்ரவரியில் இந்த மூன்றுடன் போர்ச்சுக்கலின் 1ஆவது, 3ஆவது கசடோர் பட்டாலியன்களும் சேர்ந்து ‘லைட் டிவிஷன்’ உருவாயிற்று.

அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை, ஸ்பெயின் எல்லையோர அகெடா ஆற்றையொட்டி ஏறத்தாழ 40 மைல் நீளத்துக்கு இந்தச் சிறு படை காவல் காத்தது. ஜெர்மன் ஹுஸார் குதிரைவீரர்கள் முன்னே, காலாட்கள் பின்னே. ஆற்றின் ஒவ்வொரு துறையிலும் நீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வடிந்தது என்பதை கிராஃபர்ட் நாள்தோறும் கேட்டறிந்தார். நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் டிவிஷன் முழுவதும் 7 நிமிடங்களில் ஆயுதமேந்தி நிற்கும் என்று 43ஆவது ரெஜிமென்டில் பணியாற்றிய வில்லியம் நேப்பியர் பின்னாளில் பதிவு செய்தார். மார்ச் 19 இரவு பார்பா டெல் புவெர்கோ கணவாயில் சுமார் 600 பிரெஞ்சு வீரர்கள் பாலத்தைத் திடீரெனக் கடந்தபோது, அங்கிருந்த ரைஃபிள் காவலர் சுமார் 40 பேர்தான். துணைக்கு மற்றக் கம்பெனிகள் வந்து சேரும்வரை அவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

முழு அமைப்பும் எப்படி இணைந்து இயங்கியது என்பதை 1810 செப்டம்பர் 27 அன்று போர்ச்சுக்கலின் புசாக்கோ மேட்டில் நடந்த போர் துலக்கமாகக் காட்டுகிறது. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. செங்குத்தான சரிவில் 95ஆவது ரெஜிமென்டும் கசடோர்களும் பாறைகளுக்கும் புதர்களுக்கும் இடையே சிதறி நின்றனர். 43ஆவது, 52ஆவது ரெஜிமென்டுகள் உச்சிக்குப் பின்னால், கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதவாறு வரிசையாகக் காத்திருந்தன.

2. பிரெஞ்சு ஜெனரல் லுவாசோனின் டிவிஷன் திரள்களாக ஏறி வந்தது. அதன் தூசிப்படையினர், தமக்கு முன்னே நின்ற ரைஃபிள்காரர்களை எளிதில் விலக்க இயலாமல் ஒவ்வொரு பாறையாகப் போராட வேண்டியிருந்தது. மேலே என்ன காத்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல அவர்களில் எவரும் உச்சியை எட்டவில்லை.

3. ரைஃபிள்காரர்கள் படிப்படியாகப் பின்வாங்கி, இறுதியில் இருபக்கமும் ஒதுங்கினர். வெற்றி நெருங்கிவிட்டது என்று எண்ணிய பிரெஞ்சுத் திரள், மூச்சு வாங்க, ஒழுங்கு குலைந்த நிலையில் உச்சியை அடைந்தது.

4. மேட்டின் விளிம்பில் தனியே நின்று பார்த்துக்கொண்டிருந்த கிராஃபர்ட், மூருக்காகப் பழிவாங்குமாறு 52ஆவது ரெஜிமென்டை நோக்கிக் குரல் கொடுத்தார். மறைந்திருந்த இரு பட்டாலியன்களும் எழுந்து, மிக அருகில் ஒருசேரச் சுட்டு, முனைக்கத்திகளுடன் பாய்ந்தன. பிரெஞ்சுப் பிரிகேட் தலைவர் சிமோன் காயத்துடன் பிடிபட்டார். லுவாசோனின் டிவிஷன் 1,200 பேர் அளவுக்கு இழந்தது.

பிரெஞ்சு நெடுந்திரளை பிரிட்டிஷ் இரட்டை வரிசையின் வேட்டுகள் வீழ்த்தின என்று பல நூல்கள் சுருக்கமாகச் சொல்கின்றன. அந்தச் சுருக்கத்தில் உண்மையின் பாதி விடுபட்டுப் போகிறது. வரிசையைக் கடைசிக் கணம் வரை எதிரியின் கண்ணுக்கும் குண்டுக்கும் எட்டாமல் காத்தது முன்னே நின்ற சிதறல் திரை. அத்திரை கிழிந்திருந்தால், எதிரி மேட்டின் அமைப்பை அறிந்து வேறு வழியில் ஏறியிருப்பான், அல்லது தன் திரளை முன்கூட்டியே வரிசையாக விரித்திருப்பான்.

அங்கே பிரிட்டிஷ் படைத்தலைவராக இருந்த வெலிங்டன் இதை லைட் டிவிஷனோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது மேலும் முக்கியமானது. 1809 முதலே 60ஆவது ரெஜிமென்டின் 5ஆவது பட்டாலியனைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்துப் பல பிரிகேடுகளுக்கு (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) கொடுத்தார். ஒவ்வொரு பிரிகேடின் லைட் கம்பெனிகளும் போரன்று ஒன்றுசேர்ந்து, அந்த ரைஃபிள் கம்பெனியுடன் திரையாக அமைந்தன, போர் முடிந்ததும் தத்தம் பட்டாலியனுக்குத் திரும்பின. புள்ளலூர்க் காலத்துப் பிழைக்கு இவ்வாறு ஒரு நடைமுறைத் தீர்வு கிடைத்தது.

கறைகளும் வரம்புகளும்

இந்த வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் சொல்வது அதற்கு நேர்மையாகாது.

தாமே முடிவெடுக்கப் பழகியவர்கள் தவறாகவும் முடிவெடுத்தார்கள். போர்ச்சுக்கலில் முதல் மோதலே, 1808 ஆகஸ்ட் 15 அன்று ஓபிடோஸ் அருகே, ரைஃபிள்காரர்கள் வெகுதூரம் துரத்திச் சென்று சிக்கிக்கொண்டதால் விளைந்தது. 1810 ஜூலை 24 அன்று கிராஃபர்டே போர்ச்சுக்கலின் கோவா (Côa) ஆற்றின் தவறான கரையில் அளவுக்கு மீறித் தங்கி, பிரெஞ்சு மார்ஷல் நேயின் பெரும்படையிடம் அகப்படும் நிலைக்கு வந்தார். ஒற்றைப் பாலத்தின் வழியே டிவிஷனை மீட்டது சிறு சிறு குழுக்களாக நின்று தாங்கிய கீழ்நிலை அதிகாரிகளும் சிப்பாய்களும்தான். 300க்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர். தலைவனின் பிழையைப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் ஈடுசெய்த நாள் அது.

ஸ்பெயினின் படஹோஸ் கோட்டைநகர முற்றுகை இன்னும் கசப்பானது. 1812 ஏப்ரல் 6 இரவு, கோட்டையின் உடைப்புகளில் லைட் டிவிஷனும் 4ஆவது டிவிஷனும் மீண்டும் மீண்டும் ஏறிச் செத்தன. சிதறிப் போரிடும் கலைக்கு அங்கே இடமே இருக்கவில்லை. ஒளிய மறைவின்றிக் குறுகிய இடிபாட்டில் நெரிந்து மாள்வதற்கு மிகச் சிறந்த வீரர்களை அனுப்பியது பெருவிரயம். நகரம் விழுந்தபின், நட்பு நாட்டு ஸ்பானிய மக்கள் மீது பல நாள்கள் கொள்ளையும் கொலையும் பாலியல் வன்முறையும் நடந்தன. மூரின் பயிற்சியில் வளர்ந்த ரெஜிமென்டுகளின் ஆட்களும் அதில் இருந்தார்கள். போர்க்களத்தில் தன்னம்பிக்கையை வளர்த்த கல்வி அந்த இரவில் எவர் கையையும் தடுக்கவில்லை. அதற்கு முன்பே, ஜனவரியில் சியுடாட் ரோட்ரிகோ முற்றுகையில் பட்ட காயத்தால் கிராஃபர்ட் இறந்திருந்தார்.

ஆயுத வேறுபாடு தந்த சிக்கலை 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ வெளிப்படுத்தியது. களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணைவீட்டை மேஜர் பேரிங் தலைமையில் ஜெர்மன் படையணியின் 2ஆவது இலகு பட்டாலியன், 400 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுடன், பிற்பகல் முழுவதும் காத்தது. அவர்களிடம் இருந்தது ரைஃபிள். சுற்றிலும் இருந்த பட்டாலியன்களின் மஸ்கட் குண்டு அதைவிடப் பெரியது, ரைஃபிள் குழலுக்குள் நுழையாது. பேரிங் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியும் உரிய குண்டுகள் வந்து சேரவில்லை. கையிருப்பு தீர்ந்ததும் மாலை 6 மணி வாக்கில் பண்ணை வீழ்ந்தது. குறிதவறாத துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த படை, அதற்கெனத் தனி வழங்கல் வழியையும் உறுதிசெய்திருக்க வேண்டும். அன்று அது நடக்கவில்லை.

அதே நாளின் இறுதியில், 1,000 பேருக்கு மேல் கொண்ட 52ஆவது ரெஜிமென்டை ஜான் கோல்போர்ன் மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் இடப்பக்கம் திருப்பி, மேடேறி வந்த நெப்போலியனின் மெய்க்காவற்படையின் விலாவில் நிறுத்திச் சுடவைத்தார். வெற்றியின் பங்கு எவருக்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒரு பட்டாலியன் தலைவர் அத்தகைய முடிவைத் தானாக எடுக்கத் துணிந்ததில் ஷோர்ன்கிளிஃபின் தடம் இருக்கிறது.

பெயர்கள் தங்கிய விதம்

போர் முடிந்த மறு ஆண்டு, 1816இல், 95ஆவது ரெஜிமென்ட் எண் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு ‘ரைஃபிள் பிரிகேட்’ என்ற தனிப்பெயர் பெற்றது. ‘லைட் இன்ஃபன்ட்ரி’ என்பதும் இதற்குள் ஒரு பெருமைப் பட்டமாக மாறியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலும் பாளையங்கோட்டை, வாலாஜாபாத், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்ப்பெயர்களைத் தாங்கிய லைட் இன்ஃபன்ட்ரி ரெஜிமென்டுகள் இருந்தன. சிறப்பாகப் போரிட்ட படைக்கு அந்தப் பட்டத்தை வழங்கும் வழக்கம் இந்தியாவில் வேரூன்றியது இவ்வாறே.

1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்ட் துப்பாக்கி வந்தபின், விரிந்து இறுகும் குண்டின் உதவியால், மஸ்கட்டின் வேகமும் ரைஃபிளின் குறியும் ஒரே கருவியில் சேர்ந்தன. வரிசைப்படையின் சிப்பாய்க்கும் அதே துப்பாக்கி கிடைத்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் தோளோடு தோள் நிற்பது தற்கொலைக்குச் சமமாகிவிட, 1803இல் மூன்று ரெஜிமென்டுகளுக்கு முழுமையாகக் கற்பிக்கப்பட்ட சிதறல் போர்முறை எல்லாக் காலாட்படைக்கும் பொதுவாயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட், மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி, ராஜ்புதானா ரைஃபிள்ஸ் ஆகிய மூன்றும் இன்று ஒரே முறையில் போரிட்டும், மூன்று பெயர்களைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.